வளரி சேர்த்த துரை

மதுரையில் இருந்து திண்டுக்கல் போகும் சாலையில் உள்ள ஊர் பரவை. வயலும் கண்மாயும் சூழ்ந்த ஊர்.

அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் பரண் உண்டு. பரணில் என்ன இருக்கும்? தேய்ந்த ஏர்க்கொழு இருக்கும். ஓட்டை அண்டா இருக்கும். மூலையில் துருப்பிடித்த எலிப்பொறி ஒன்றும் கிடக்கும்.

அது தாத்தா காலத்துப் பொறி. வில்கம்பி தளர்ந்திருக்கும். ஆணி காணாமல் போயிருக்கும். ஒரு நாள் தெருவில் பழைய இரும்புக்காரர் குரல் கொடுப்பார். பொறி அவருடைய தராசுக்குப் போய்விடும். குழந்தையின் கைக்கு நாலு பேரீச்சம்பழம் வரும்.

அதோடு அந்தப் பொறியின் கதை முடிந்தது. அதைச் செய்தவர் யார், எப்படிச் செய்தார் என்று கேட்க ஆள் இல்லை.

ஆனால் இப்படிப்பட்ட சாமான்களைத் தேடித் தேடி அலைந்த ஒருவர் இருந்தார். அவர் தமிழர் அல்ல. வெள்ளைக்காரர். படித்தது வைத்தியம். பார்த்த உத்தியோகம் மியூசியம். அவர் பெயர் எட்கர் தர்ஸ்டன்.

அவர் செய்த நல்லதும் உண்டு. அவர் செய்ததில் நமக்கு வலிப்பதும் உண்டு. இரண்டையும் தெரிந்துகொள்வோம்.

வைத்தியர் மியூசியத்துக்கு வந்தார்

தர்ஸ்டன் 1855-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியில் படித்தார். பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரியில் வைத்தியம் படித்து, 1877-ல் தேறினார்.

முதலில் ஒரு மனநோய் மருத்துவமனையில் டாக்டராக வேலை பார்த்தார். பிறகு தான் படித்த கல்லூரியின் மியூசியத்தைக் கவனித்துக்கொண்டார். பொருள்களை வகைப்படுத்தும் வேலை அவருக்குப் பிடித்துப் போயிற்று.

1885-ல் சென்னை எழும்பூர் மியூசியத்துக்குத் தலைமை அதிகாரியாக வந்து சேர்ந்தார். அப்போது அவருக்குச் சுமார் 30 வயது.

எழும்பூர் மியூசியம் 1851-ல் தொடங்கியது. மியூசியத்தைச் சென்னை ஜனங்கள் என்ன சொல்லி அழைத்தார்கள் தெரியுமா? செத்த காலேஜ்! உயிருள்ள மிருகங்கள் இருந்த இடத்துக்கு உயிர் காலேஜ் என்று பெயர். பாடம் செய்த மிருகங்களும் எலும்புக்கூடுகளும் இருந்த இடம் ஆகையால் இது செத்த காலேஜ்.

காணும் பொங்கல் வந்தால் அங்கே கூட்டம் தாங்காது. கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருவார்கள். கோஷாப் பெண்கள் பார்ப்பதற்காக, ஆண்களை உள்ளே விடாத தனி நேரமும் தர்ஸ்டன் காலத்தில் இருந்தது.

கடலில் இருந்து மனிதனுக்கு

வந்த புதிதில் தர்ஸ்டன் பழைய காசுகளை வகைப்படுத்திப் பட்டியல் போட்டார். பிறகு கடல் பக்கம் போனார். ராமேசுவரம், பாம்பன், தூத்துக்குடி என்று சுற்றினார். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பதையும் சங்கு எடுப்பதையும் பார்த்துப் புத்தகம் எழுதினார். சென்னை வைத்தியக் கல்லூரியில் உடற்கூறு பாடமும் நடத்தினார்.

1894-ம் ஆண்டு வாக்கில் அவருடைய கவனம் மனிதர்கள் மேல் திரும்பியது.

மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள்? எதை உண்கிறார்கள்? எப்படி வேட்டை ஆடுகிறார்கள்? குச்சியைக் கடைந்து எப்படி நெருப்பு உண்டாக்குகிறார்கள்? எடை போட என்ன கோல் வைத்திருக்கிறார்கள்? இந்தக் கேள்விகளோடு மலைகளிலும் சமவெளியிலும் அலைந்தார்.

1901-ல் சென்னை ராஜதானி முழுவதும் உள்ள குலங்களையும் குடிகளையும் பற்றி ஆராய்ந்து எழுதும் பொறுப்பைச் சர்க்கார் அவரிடம் கொடுத்தது. கே. ரங்காச்சாரி என்ற மியூசிய ஊழியர் அவருக்கு வலது கையாக இருந்தார். பாஷை தெரிந்தவர் அவர். தர்ஸ்டனால் நுழைய முடியாத வீடுகளில் ரங்காச்சாரியால் நுழைய முடிந்தது.

கண்ணியும் வலையும்

மிருகத்தைப் பிடிக்கும் வித்தை ஊருக்கு ஊர் வேறுபடும்.

காடை, கவுதாரி பிடிக்கக் கண்ணி போதும். மெல்லிய சுருக்கு, ஒரு முளைக்குச்சி, அவ்வளவுதான். முயலுக்கு வலை வேண்டும். வரப்பு ஓரம் வலையைக் குச்சிகளில் நிறுத்திவிட்டு, எதிர்ப்பக்கத்தில் இருந்து சத்தம் போட்டு விரட்டுவார்கள். ஓடி வரும் முயல் வலையில் விழும்.

வயல் எலிக்குக் கிட்டி. வளைத்துக் கட்டிய மூங்கில், கயிறு, ஒரு சிறு குச்சி. எலி இரையை இழுத்தால் குச்சி நழுவும். வளைந்த மூங்கில் நிமிரும். எலி அகப்பட்டுக்கொள்ளும். இரும்பும் இல்லை, காசும் இல்லை. உழவனின் மூளை மட்டுமே செலவு.

இப்படிப்பட்ட வித்தைகள் பலவற்றைத் தர்ஸ்டனின் புத்தகங்களில் காணலாம்.

ஆந்திரப் பக்கத்து யானாதிகள் எலி பிடிக்கும் முறை அதில் இருக்கிறது. பானைக்குள் புல்லைத் திணித்து நெருப்பு வைப்பார்கள். பானையின் துளை வழியாகப் புகையை வளைக்குள் ஊதுவார்கள்.

நரிக்குறவர்களைப் பற்றியும் இருக்கிறது. அவர்களைக் குருவிக்காரர் என்று அவர் எழுதினார். குள்ளநரியைப் போலவே ஊளையிட்டு, நிஜ நரியை வலைக்கு வரவழைக்கும் சாமர்த்தியம் அவர்களுக்கு இருந்தது.

வயநாட்டில் புலியை வலைகட்டி வளைத்து ஈட்டியால் குத்தும் வழக்கமும் அதில் இருக்கிறது. ஊரே திரண்டு செய்கிற வேட்டை அது.

மதுரை நாட்டு வளரி

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்தில் வேறொரு வேட்டைக் கருவி இருந்தது. அதுதான் வளரி. வளைதடி என்றும் சொல்வார்கள்.

பிறை போல வளைந்த கட்டை அது. வைரம் பாய்ந்த மரத்தில் செய்வார்கள். இரும்பில் செய்வதும் உண்டு. ஒரு முனை கனமாக இருக்கும். மறு முனை இலேசாக இருக்கும். இலேசான முனையைப் பிடித்துத் தோளுக்கு மேல் சிலமுறை சுழற்றி, விசை ஏறியதும் எறிய வேண்டும். வளரி சுழன்றுகொண்டே போய் அடிக்கும். முயலும் காட்டுக்கோழியும் அதற்குத் தப்புவது கஷ்டம்.

ஆஸ்திரேலியாவின் ஆதிகுடிகளிடம் பூமராங் என்ற எறிதடி உண்டு. வளரி அதற்கு உறவு போல இருக்கும். அவர்களுடைய எறிதடியில் ஒரு வகை, எறிந்தவரிடமே திரும்பி வரும். நம் வளரி பெரும்பாலும் திரும்பி வராது. குறியை அடிப்பதுதான் அதன் வேலை.

வேட்டைக்கு உதவிய வளரி போருக்கும் உதவியது. சிவகங்கைச் சின்ன மருது வளரி எறிவதில் சூரர். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளைக்காரச் சிப்பாய் அதிகாரி அவரிடமே வளரி எறியக் கற்றுக்கொண்டார். பிறகு அந்த வெல்ஷே மருது சகோதரர்களை எதிர்த்த படையில் இருந்தார். 1801 அக்டோபர் 24-ந் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஆயுதங்கள் பறிக்கப்பட்டன.

நூறு ஆண்டு கழிந்தது. தர்ஸ்டன் வளரியைத் தேடி விசாரித்தார்.

புதுக்கோட்டைத் திவானிடம் இருந்து தகவல் வந்தது. வளரி எறிவதில் கைதேர்ந்தவர்கள் அப்போது அங்கே யாரும் மிஞ்சவில்லை. எப்போதாவது முயல் வேட்டைக்கு எடுப்பார்களாம். மற்றபடி பழைய வீரர் வம்சத்து வீடுகளில் பூஜை அறையில் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜை அன்று வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார்கள்.

முயல் அடித்த கட்டை சாமி அறைக்குப் போய்விட்டது!

சென்னை மியூசியத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையைச் சேர்ந்த வளரிகள் மூன்று இருந்தன. இரண்டு தந்தத்தில் செய்தவை. ஒன்று மரத்தில் செய்தது. தர்ஸ்டன் இவற்றைப் பற்றியும், வீட்டு வளரிகளைப் பற்றியும், கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் வளரி மாற்றிக்கொண்ட வழக்கத்தைப் பற்றியும் 1906-ல் வெளிவந்த தம்முடைய புத்தகத்தில் தனி அத்தியாயமாக எழுதினார்.

அவர் எழுதியிராவிட்டால்? கட்டை மட்டும் மிஞ்சியிருக்கும். அது எதற்கு என்று தெரியாமல் அடுப்புக்குப் போயிருந்தாலும் போயிருக்கும்.

பொறி மட்டும் போதாது

பழைய பொறிகளைச் சேர்ப்பவர்கள் உலகத்தில் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் பல் வைத்த இரும்புப் பொறி ஒன்று இருந்தது. மிருகத்தின் காலைக் கவ்வி, நாள் கணக்கில் வதைக்கும் பொறி அது. 1958-ல் அங்கே அதற்குத் தடை வந்துவிட்டது. இன்று அதைக் காட்டில் வைத்தால் குற்றம். சேகரிப்பவர்களின் சுவரில் மட்டும் தொங்குகிறது.

அவர்கள் எதைப் பார்த்து வாங்குகிறார்கள்? வில் பழைய வில்தானா? மிருகம் மிதிக்கிற தகடு அசல்தானா? சங்கிலியும் முளையும் கூடவே வந்தவையா? செய்த பட்டறையின் முத்திரை இருக்கிறதா? வில்லை மாற்றிவிட்டால் மதிப்புக் குறைந்துவிடும்.

காரணம் இருக்கிறது. பொறி என்பது ஒரு பொருள் அல்ல. பல பொருள்கள் சேர்ந்து செய்யும் ஒரு வேலை. முளைக்குச்சி இல்லாத கண்ணி வெறும் கயிறு. குச்சி தொலைந்த கிட்டி வெறும் மூங்கில்.

அதோடு இன்னொன்றும் வேண்டும். எந்த ஊர், யார் கையால் செய்தது, எந்த மிருகத்துக்கு என்ற விவரம் வேண்டும். அது இல்லாத பொருள் ஊமை.

இதை உணர்ந்த பெரியவர்களில் ஒருவர் இங்கிலாந்தில் இருந்த ஜெனரல் பிட் ரிவர்ஸ். அவர் சேர்த்த 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களை 1884-ல் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைக்குக் கொடுத்தார். இன்றும் அவர் பெயரால் அங்கே ஒரு மியூசியம் இருக்கிறது. தர்ஸ்டனும் அந்தக் காலத்து மனிதரே. கட்டை, கோல், குச்சி என்று மற்றவர்கள் ஒதுக்கியதில் மனிதனின் கதை இருக்கிறது என்று நம்பியவர்.

அளவுகோலுக்குப் பயந்த ஜனங்கள்

தர்ஸ்டன் பொருள்களை மட்டும் அளந்திருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும். அவர் மனிதர்களையும் அளந்தார்.

மூக்கின் நீளம் என்ன? அகலம் என்ன? தலையின் சுற்றளவு என்ன? இதற்கென்று சீமையில் இருந்து கருவிகள் வந்தன. போட்டோப் பெட்டியும் பாட்டைப் பதிவு செய்யும் போனோகிராப் பெட்டியும் கூட வந்தன. இந்தச் சாமான்களோடு துரை ஊருக்குள் நுழைந்தால், ஜனங்கள் ஓட்டம் பிடித்தார்கள்.

நீலகிரியில் ஓர் இருளர், உயரம் அளக்கும் கம்பத்தைப் பார்த்துவிட்டு நடுங்கினார். ஏதோ சின்னக் குற்றத்துக்காகப் போலீஸ் அவரைத் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. கம்பத்தைத் தூக்குமரம் என்று எண்ணிவிட்டார்.

போயர் என்ற பட்டம் உடைய ஒட்டர்கள் வேறு விதமாகப் பயந்தார்கள். அப்போதுதான் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் முடிந்திருந்தது. அந்தப் போயர்களுக்குப் பதிலாகத் தங்களைக் கப்பல் ஏற்றப் போகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

வயநாட்டில் பணியர் பெண்கள் பயந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிது. தங்களில் நல்ல உடல்வாகு உள்ளவர்களைப் பிடித்துப் பாடம் செய்து, சென்னை மியூசியத்தில் நிறுத்தப் போகிறார் என்று அவர்கள் நினைத்தார்கள்!

தர்ஸ்டன் இதையெல்லாம் வேடிக்கையாக எழுதி வைத்தார். பயத்தைப் போக்கச் சில்லறைக் காசும் சுருட்டும் கொடுத்தாராம்.

நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம். அந்தப் பெண்களின் பயம் முழுக்க முழுக்கத் தப்பா? செத்த புலிக்கும் உயிருள்ள மனிதருக்கும் ஒரே மாதிரி அளவு எடுத்தவரைக் கண்டு அவர்கள் பயந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அவர்கள் ஒரு விஷயத்தைச் சரியாகவே புரிந்துகொண்டார்கள். தாங்கள் சாமான்களாக ஆக்கப்படுகிறோம் என்பதே அது.

கிட்டியில் அகப்பட்டவர்கள்

மூக்கின் அளவை வைத்து மேல் குலம், கீழ்க் குலம் என்று தரம் பிரிக்கலாம் என்று அந்தக் காலத்து வெள்ளைக்கார அதிகாரிகள் சிலர் நம்பினார்கள். ஹெர்பர்ட் ரிஸ்லி என்பவர் அதில் தலைவர். தர்ஸ்டனும் அந்த வழியில் நடந்தார்.

அது தப்பான கணக்கு. மூக்கின் அளவுக்கும் மனிதனின் அறிவுக்கும் குணத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதை இன்றைய விஞ்ஞானம் தெளிவாகச் சொல்கிறது.

தப்பான கணக்கு ஏட்டோடு நிற்கவில்லை. ஆட்களை அளந்து அடையாளம் காணும் முறையைத் தர்ஸ்டன் சென்னைப் போலீசாருக்கும் சொல்லிக் கொடுத்தார். சில குலங்களுக்குத் திருட்டே தொழில் என்ற பேச்சு அவருடைய புத்தகங்களிலும் இடம் பெற்றது.

குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் போட்டவர் தர்ஸ்டன் அல்ல. வடக்கே 1871-லேயே அது வந்துவிட்டது. 1911-ல் சென்னை ராஜதானிக்கும் வந்தது. ஒரு குலத்தில் பிறந்தாலே போதும், ரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும் என்ற நிலை உண்டானது.

மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பக்கத்தில் பெருங்காமநல்லூர் என்ற கிராமம் இருக்கிறது. 1920 ஏப்ரல் 3-ந் தேதி அந்த ஊர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீசார் சுட்டார்கள். 16 பேர் மாண்டார்கள். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் ஒழிந்தது.

மாண்டவர்கள் யார்? வளரியைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய மக்களின் இனத்தார். வளரிக்குக் கண்ணாடிப் பெட்டியில் மரியாதை கிடைத்தது. வளரி எறிந்தவர்களின் பேரன்மாருக்கு ரேகைப் புத்தகம் கிடைத்தது.

கிட்டி என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. கம்பெனி ஆட்சியில் வரி கட்டாத குடியானவனின் விரலை இடுக்கி நெரித்த மரக்கருவிக்கும் அதே பெயர். 1855-ல் ஒரு விசாரணைக் கமிஷன் இந்தக் கொடுமையை வெளியே கொண்டுவந்தது. அந்தக் கிட்டியையும் தர்ஸ்டன் எழுத மறக்கவில்லை. எலிக்குச் செய்த கருவியின் பெயரையே மனிதனை வதைத்த கருவிக்கும் வைத்திருந்த காலம் அது.

ஏழு புத்தகங்கள்

1908-ல் தர்ஸ்டன் மியூசியப் பொறுப்பை விட்டார். 1909-ல் தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய அவருடைய பெரிய நூல் ஏழு பாகங்களாக வெளிவந்தது. 300-க்கு மேற்பட்ட குலங்களைப் பற்றிய செய்திகள் அதில் உண்டு. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் அதைத் தமிழில் வெளியிட்டிருக்கிறது.

அதைப் படிக்கிறவர்கள் அரிசியையும் கல்லையும் பிரிப்பதுபோலப் படிக்க வேண்டும். மூக்கின் கணக்கு கல். எலி பிடித்த விதம், நெருப்புக் கடைந்த விதம், வளரி எறிந்த விதம் அரிசி.

இங்கிலாந்து திரும்பிய தர்ஸ்டன், கார்ன்வால் என்ற கடலோரப் பகுதியில் பென்சன்ஸ் என்ற ஊரில் குடியேறினார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. அந்தப் பக்கத்துச் செடிகளையும் மரங்களையும் பற்றி எழுதினார். 1935 அக்டோபர் 12-ந் தேதி, 80-வது வயதில் அங்கேயே காலமானார்.

கடைசி வரை அவர் சேர்ப்பவராகவே இருந்தார். காசு, சங்கு, வளரி, செடி என்று எதைச் சேர்த்தாலும் குறிப்பு எழுதி வைத்தார். மனிதனைச் சேர்க்கப் போன இடத்தில்தான் தவறினார். பொருளுக்குச் சீட்டு ஒட்டலாம். மனிதனுக்குச் சீட்டு ஒட்டினால் அது பொறியாகிவிடும்.

உங்கள் வீட்டுப் பரணில்

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டு மிருகத்துக்கும் பறவைக்கும் கண்ணி வைப்பதும் வலை விரிப்பதும் வேட்டை என்றே அந்தச் சட்டம் சொல்கிறது. அது நல்ல சட்டம். கவுதாரியும் முயலும் பிழைக்கட்டும்.

ஆனால் கண்ணி கட்டத் தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன. கிட்டி எப்படி வேலை செய்யும் என்று சொல்லத் தெரிந்த தாத்தாக்களும் குறைந்துவருகிறார்கள்.

ஆகவே பரணைச் சுத்தம் செய்யும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். பழைய பொறியோ, வலைக்குண்டோ, வளைந்த கட்டையோ கிடைத்தால் தராசில் போட அவசரப்படாதீர்கள். துரு போகத் தேய்க்காதீர்கள். ஆணி, கயிறு, குச்சி எது கூட இருந்தாலும் அதையும் சேர்த்தே வையுங்கள்.

பிறகு வீட்டில் மூத்தவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். இது யாருடையது, எதற்கு, எப்படி என்று கேளுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டு, அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

தர்ஸ்டன் துரை அளவுகோலோடு வந்து கேட்டார். ஜனங்கள் பயந்து ஓடினார்கள். பேரப்பிள்ளை வந்து மடியில் சாய்ந்து கேட்டால் எந்தத் தாத்தா ஓடுவார்?